எட்டாம் நம்பர் தோட்டா

"காட்டுப் பன்னிக்கு எட்டாம் நம்பர் தோட்டாவா?"

துப்பாக்கிக் கடைக்காரர் தனிஸ்லாஸை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது காடை, கவுதாரி சுடறதுக்குங்க. உள்ள கடுகு மாதிரி ஈயக் குண்டு. பன்னிமேல பட்டா சாவாது, ரோசம்தான் வரும். எல்.ஜி. எடுத்துக்குங்க. பட்டாணி அளவு குண்டு. ஒரே அடி."

"எட்டே குடுங்க. ரெண்டு போதும்."

பக்கத்தில் நின்ற இன்பமேரி புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, ஊரார் வாயில் 'சொல்தா' ஆகிவிட்ட தனிஸ்லாஸிடம் மட்டும்தான் ஒதியம்பட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. ஒரு வாரமாகப் பலராமனின் வேர்க்கடலைக் கொல்லையில் செடிகள் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. பன்னி வேலை என்றார்கள்.

"நீ சுடறியா சொல்தா, இல்ல திருக்கனூர்லேர்ந்து வேட்டைக்காரனுங்கள வரச் சொல்லட்டுமா?" என்று இன்று காலையில் கொல்லைக்கே அழைத்துப்போய்க் கேட்டார் பலராமன்.

"யாரும் வேணாம். நானே பாத்துக்கறேன்" என்று இவர் முந்திக்கொண்டார்.

போன வருஷம் அடிபட்ட பன்னி ஒன்று சுப்புராயன் தொடையைக் கிழித்ததை இன்பமேரி கண்ணால் பார்த்தவள்.

பஸ்ஸில் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏங்க, எறங்கிப் போயி பெரிசாவே வாங்கிக்கலாம். காசு பாக்கறீங்களா?"

"காசு இல்ல."

"பின்ன இன்னா? குறி தப்பாதுன்னு வீறாப்பா? அறுவது வயசாவுது. பன்னி திரும்பிப் பாஞ்சா ஓட முடியுமா உங்களால?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரம் துப்பாக்கியோடு கிளம்பினார். துணைக்கு வந்த இரண்டு பேரையும் வேண்டாமென்று அனுப்பிவிட்டார். இன்பமேரி வாசலில் நின்றபடி வில்லியனூர் மாதாவை எத்தனை முறை கூப்பிட்டாளோ, அவளுக்கே தெரியாது.

டமார்!

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

புடவையை வாரிச் செருகிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே ஊரும் ஓடியது.

வரப்பில் தனிஸ்லாஸ் நின்றிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பன்னியும் இல்லை.

"ஓட வுட்டுட்டியா?" பலராமன் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "பட்டாளத்துல நீ இன்னாத்த சுட்டே சொல்தா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"இனிமே இந்தப் பக்கம் வராது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

வீடு வந்து சேர்ந்ததும், பயம் போன இடத்தில் இன்பமேரிக்குக் கோபம் வந்து உட்கார்ந்தது.

"ஊரே சிரிக்குது. கடைக்காரர் சொன்னதைக் கேட்டிருந்தா பன்னி விழுந்திருக்குமில்ல?"

"நான் ஆகாசத்தைப் பாத்துதான் சுட்டேன், மேரி. சின்னக் குண்டுன்னா திரும்ப யார் தலையில விழுந்தாலும் ஒண்ணும் ஆவாது."

"பின்ன எதுக்குச் சுடறேன்னு ஒத்துக்கினீங்க?"

"திருக்கனூர்க்காரனுங்க எல்.ஜி.யோட வந்து, அசையறதைப் பாத்துச் சுட்டுடுவானுங்களே."

அவளுக்குப் புரியவில்லை.

"காலையில பலராமன் வரப்புலியே நின்னுட்டாரு. நான் கொல்லைக்குள்ள எறங்கிப் பாத்தேன். பன்னின்னா மூக்கால மண்ணைக் கிளறும். செடியைப் பிடுங்கி, கொட்டையை ஆஞ்சிக்கினு, குழியை மூடிட்டுப் போவாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஈர மண்ணுல கால் தடம் இருந்துச்சு. ஒண்ணு பொம்பள கால். பக்கத்துலியே இன்னொண்ணு... என் உள்ளங்கை அளவுகூட இல்ல, மேரி."