ஆள் வேணும்

பச்சை விளக்கு எரிந்தது. மூன்றாவது அழைப்பு.

அவன் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தான். முதல் சொல் 'வணக்கம்' என்றுதான் இருக்க வேண்டும். கம்பெனி விதி.

'வ' வந்தது. மீதி வரவில்லை.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சொல் தொண்டை வரைக்கும் ஒழுங்காக வந்துவிடும். பிறகு, வாசலில் செருப்பைத் தேடுகிற விருந்தாளி மாதிரி அங்கேயே நின்றுவிடும்.

காலையில் அழைத்த இரண்டு பேரும் ஹலோ ஹலோ என்று பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். இதுவும் போனால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் ஜெசிந்தா மேடம் சொல்லியிருந்தார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து இப்போது அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச வராதவனைப் பிடித்துப் பேச உட்காரவைத்திருக்கிறார்களே என்று கோபப்படவும் முடியாது. நான்கு வருஷமாக அவன் எழுதியதை மட்டும்தானே அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

எழுத்தில் அவனுக்குத் திக்காது.

ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்று யார் செய்தி அனுப்பினாலும் அவன் விரல்கள் ஓடும். உங்க கஷ்டம் புரியுதுங்க. ஒரு நிமிஷம், பார்த்துட்டு வர்றேன். பயப்படாதீங்க, இன்னைக்கே மெக்கானிக் வருவார். முகம் தெரியாதவர்கள் அவனுக்கு ரோஜாப் படம் அனுப்புவார்கள்.

பிறகு இனியா வந்தாள்.

இனியா மனுஷி இல்லை. கம்பெனி வாங்கிய ஏஐ. அவனுடைய நான்கு வருஷத்து எழுத்தையும் அதற்குப் படிக்கக் கொடுத்தார்கள். அழகான குரல் ஒன்றையும் கொடுத்தார்கள்.

முதல் நாள் அதைப் பேசவிட்டுக் காட்டினார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

அவன் வாக்கியங்கள். எல்லாமே அவன் எழுதியவை. எங்கும் முட்டாமல், எண்ணெய் போட்ட ஊஞ்சல் போலப் போய்ப் போய் வந்தன.

நான் பேசியிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தான். அழுகை வந்தது. வேலை போகப்போகிறதே என்பது அப்போது தோன்றவே இல்லை.

போன மாதம் வரை அந்த வரிசையில் பதினோரு பேர். இப்போது அவன் மட்டும். ஏசிக் காற்றில் ஒரு காலி நாற்காலி தானாக, மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

இனியா எல்லோருக்கும் பதில் சொல்லும். சிலர் மட்டும் கடைசியில் ஆள் வேணும் என்பார்கள். அவர்களை இன்றிலிருந்து, போனிலேயே, அவனிடம் தள்ளிவிடும்.

இப்போது தள்ளியிருப்பது உடுமலையிலிருந்து பேசும் ஒரு பெண்ணை. அவள் பேசியதெல்லாம் எழுத்தாகி அவன் திரையில் இருந்தது.

காலைல இருந்து ஃப்ரிட்ஜ் ஓடலீங்க. உள்ள இருவது கிலோ மாவு இருக்குதுங்க. சாயந்தரம் கடைகளுக்குப் போடோணும்.

இனியா: உங்க கஷ்டம் புரியுதுங்க.

மாவு புளிக்குதுங்க.

இனியா: உங்க கஷ்டம் புரியுதுங்க.

ஏனுங்க, அங்க ஒரு ஆளுகூட இல்லீங்களா?

அதற்குக் கீழே எதுவும் இல்லை. அதற்குக் கீழே அவன்தான்.

ஹெட்போனுக்குள் கிரைண்டர் ஓடுகிற சத்தம். ஃப்ரிட்ஜ் நின்றால் என்ன, ஊறப்போட்ட அரிசியை ஆட்டித்தானே ஆக வேண்டும்.

"வ... வ..."

மதியம் இரண்டு மணி. ஜன்னல் கண்ணாடியில் வெயில் மஞ்சளாக ஊறிக்கொண்டிருந்தது. அறையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது அவனுக்கு. எங்கோ உடுமலையில் மாவு பொங்குவது தெரிந்தது. டப்பா மூடியைத் தூக்கிக்கொண்டு, நுரை நுரையாக, மெல்ல. தன் தொண்டைக்குள்ளும் அதே மாவு. மூடிதான் திறக்கவில்லை.

மெக்கானிக் இருக்கிறார். அவளுக்குப் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார். திரையில் அவர் பெயர்கூடத் தெரிகிறது. சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

"வ..."

ஐந்து நொடி பேச்சில்லாமல் போனால் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தது.

ஜெசிந்தா மேடம் எழுந்தார்.

அந்தப் பெண் போனை வைத்துவிடுவாள். இதோ, வைக்கப்போகிறாள்.

அவள் வைக்கவில்லை.

மூச்சு கேட்டது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, கூர்ந்து கேட்கிறவளின் மூச்சு.

"வ... வண..."

அவள் சொன்னாள். அவனிடம் இல்லை, வீட்டுக்குள் யாரிடமோ.

"அடியே கனகு, கெரைண்டர நிறுத்து. நெசமாலுமே ஆளு பேசறாரு."

கிரைண்டர் சுற்றிச் சுற்றி, வேகம் குறைந்து, நின்றது.

இத்தனை அமைதியை இதுவரை யாரும் அவனுக்குக் கொடுத்ததில்லை.

கண்ணாடி அறையின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.

அவன் திரும்பவில்லை. ஒரு நிமிஷம் என்று கையை மட்டும் உயர்த்திக் காட்டினான்.