ஏழு தலைமுறை சாட்சி

அல்மாட்டி நகரத்தில், ஒரு சோபாக் கடையின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். வெளியே போர்டு கிடையாது. உள்ளே சுவரில் மட்டும் ஒரு வாசகம்: ‘மரியாதையே நம் மூலதனம்.’

“திருடுறதுன்னாலும் ‘அகா’ன்னு மரியாதை போட்டுத் திருடணும்டா. பெரியவங்கள்ல?” என்பான் முதலாளி ஜான்தோஸ்.

தொழில் சுலபம். யாராவது கம்ப்யூட்டரில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று திரை சிவக்கும், சைரன் அலறும். ‘வைரஸ்! அணைக்காதீர்கள்! உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்!’ பயந்துபோய்ச் செய்தால், எடுப்பவன் ஓல்ஜாஸ். ஆபீஸில் அவன் பெயர் திமூர்.

அம்மாவுக்கும், கட்டிக்கப்போகிற ஐகானிமுக்கும் மட்டும் அவன் சொல்லிவைத்திருந்தான்: “அதெல்லாம் டூப்பு. எந்தக் கம்பெனியும் திரையில நம்பர் போட்டுக் கூப்பிடச் சொல்லாது. பேசாம கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணு. பேங்க்ல இருந்து போனுக்கு வர்ற நம்பரை எவன் கேட்டாலும் அவன் திருடன்.”

“உனக்கு எவ்ளோ தெரியுது!” என்று பூரித்துப்போனாள் ஐகானிம். கம்ப்யூட்டர் பாதுகாப்பில் வேலை என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டார் முதல்முறையாக அவள் ஊரான தராஸுக்குப் போய் அவள் காதில் தங்கக் கம்மல் போட வேண்டும். போட்டால்தான் நிச்சயம். அந்தக் கம்மலைத்தான் இன்னும் வாங்கவில்லை.

“இன்னிக்கு ஒரு ஆளாவது சிக்கினாத்தான் உனக்குச் சம்பளம்” என்று ஜான்தோஸ் கறாராகச் சொல்லிவிட்டான்.

மதியம் ஒரு பெரியவர் சிக்கினார்.

“தம்பி, திரையெல்லாம் செவப்பா இருக்குப்பா. ஆடு அறுத்த எடம் மாதிரி. ஊளை வேற விடுது!”

“பயப்படாதீங்க அகா. நான் திமூர். நான் சொல்றத மட்டும் செய்ங்க.”

அவர் செய்தார். மவுஸைத் திட்டிக்கொண்டே, இவன் சொன்ன செயலியை இறக்கினார். அவர் கம்ப்யூட்டர் இவன் கைக்கு வந்தது. வங்கிக் கணக்கைத் திறக்கவைத்தான். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் அவனுக்கு விக்கலே வந்துவிட்டது.

“குதிரை வித்த காசு தம்பி. வீட்டுல ஒரு விசேஷம். வைரஸ் தின்னுடுமா?”

“நான் இருக்கேன்ல அகா! பத்திரமான கணக்குக்கு மாத்திடறேன். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்க.”

“வந்திருக்கு. ஆனா மொகம் தெரியாத ஆளுகிட்ட எப்படிச் சொல்றது? நீ யார் வீட்டுப் புள்ள? அப்பாலேருந்து ஆரம்பிச்சு ஏழு தலைமுறை பேரு சொல்லு பாப்போம்.”

ஓல்ஜாஸ் சிரித்துக்கொண்டான். இந்தக் கிழவர்களே இப்படித்தான். டாக்சியில் ஏறினால்கூட டிரைவரின் கொள்ளுத்தாத்தாவை விசாரிக்காமல் இறங்க மாட்டார்கள். பொய்ப் பேர் யோசித்து இழுத்தால் சந்தேகம் வரும். சின்ன வயதில் அப்பா மடியில் வைத்து மனப்பாடம் செய்யவைத்தது அப்படியே மூச்சுவிடாமல் வந்து விழுந்தது.

“பெக்போலாட், சகிந்திக், நுர்பெயிஸ், ஜாபர்குல், தோலெகென், எசிர்கெப், பைமுரத்!”

“அடேயப்பா! தண்ணி மாதிரி கொட்டுதே. நல்ல வளர்ப்பு. எங்க, இன்னொரு தடவ சொல்லு, நிதானமா.”

சொன்னான். ஜான்தோஸ் ஓடிவந்து முதுகில் தட்டினான். ஓல்ஜாஸின் கண்முன்னே ஒரு ஜோடிக் கம்மல் ஆடியது.

“அப்ப நீ அந்நியம் இல்லப்பா” என்றார் பெரியவர்.

“அதான் அகா! நம்பரைச் சொல்லுங்க.”

“நம்பர் கேக்கறவன் திருடன்னு எம் பொண்ணு சொல்லியிருக்கா.”

“பொண்ணுங்களுக்கு என்ன அகா தெரியும்? எவனாவது முட்டாப்பய சொல்லிக்குடுத்திருப்பான்.”

“அவளைக் கட்டிக்கப்போறவன்தான் சொல்லிக்குடுத்தானாம்.” பெரியவர் தொண்டையைச் செருமினார். “ரத்தசொந்தம் ஏதும் இருந்துடக்கூடாதேன்னு, போன வாரம் அவன் அப்பா பெக்போலாட்கிட்ட ஏழு தலைமுறைப் பேரையும் கேட்டு வாங்கினேன். இதே ஏழு பேரு. இதே வரிசை.”

ஓல்ஜாஸ் ஐகானிமுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே, எதிர்முனையில் கம்ப்யூட்டர் அணைந்தது. போன் மட்டும் அணையவில்லை.

“ஞாயித்துக்கெழம தராஸ் பக்கம் வந்துடாத மாப்ள. அந்தக் கம்மலை நீயே போட்டுக்க.”