சங்கு ஊதினால்

தேனாம்பேட்டை கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா சங்கரன், ரங்கூன் போகும் புதுக் கப்பலுக்கு டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தார். சாந்தோம் குப்பத்து மிக்கேல் அவரைக் கேள்வி கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தான்.

“கப்பல் முய்கினா தப்பிக்கிற ஒத்திகை வெப்பாங்களா சாமி?”

“புறப்பட்ட அன்னிக்கே வெப்பா. சங்கு ஊதினதும் தக்கைச் சட்டையை மாட்டிண்டு படகுகிட்டப் போய் நிக்கணும்.”

“கீய டெக்குல போறவங்களுக்கும் உண்டா?”

“அவாளுக்கு எதுக்குடா? மேல் வகுப்புக்காராளுக்குத்தான்.” சங்கரன் சிரித்தார். “கடல்லயே பொறந்தவன், நீ இப்படிப் பயப்படறியே!”

“நான் போவல சாமி. போன வருசம் முய்கின கப்பல்ல நான் கலாசியா வேல பாத்தேன். ஒத்திகை அன்னிக்கு டெக்கு ஜனம் எய்ந்திச்சு. ‘இது துரைமாருக்கு, நீங்க குந்துங்க’ன்னு நான்தான் சொன்னேன். நாலாம் நாளு நெசமாவே சங்கு ஊதிச்சு. ஒருத்தரும் எய்ந்திரிக்கல. நான் கீய ஓடறதுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு. இருநூறு பேரு சாமி. இந்தக் கப்பல்லயாவது டெக்கு ஜனத்துக்குச் சொல்லித் தருவாங்களான்னு கேக்க வந்தேன்.”

சங்கரன் பேனாவைக் கீழே வைத்தார். வாசலில் டெக் பயணிகள் முப்பது பேர் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து அவர்களிடம் போனார்.

“எல்லாரும் கேளுங்கோ. கப்பல்ல சங்கு ஊதினா எழுந்து படகுகிட்ட ஓடுங்கோ. யார் உக்காரச் சொன்னாலும் உக்காராதீங்கோ.”