ஞாயிற்றுக்கிழமை பிளம்பர்

ஞாயிற்றுக்கிழமை காலை, கணவனின் போனையும் தன் போனையும் கம்ப்யூட்டரோடு இணைத்துக்கொண்டிருந்தாள் அவள்.

“எல்லா நம்பரும் ஒரே இடத்துல இருக்கட்டும். போன் தொலைஞ்சாலும் கவலையில்ல.”

“என்னோடது எதுக்கு? விட்டுடேன்” என்றான் அவன்.

“ஏன் பதறுறீங்க? வாராவாரம் பிளம்பர் கூப்பிடுறார். நீங்க பால்கனிக்குப் போய்க் குசுகுசுன்னு பேசுறீங்க. நம்ம குழாய் மட்டும் ரெண்டு மாசமா ஒழுகுது.”



திரையில் ஒரு கேள்வி வந்தது. ‘ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர்கள். எதை வைக்கலாம்?’

அவன் போனில் ‘பிளம்பர்’. அவள் போனில் ‘அப்பா’.

கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று அவர் சொன்னதிலிருந்து, நான்கு வருடமாக அவள் அழைக்காத எண் அது.

“நீ எப்படி இருக்கேன்னுதான் கேட்பார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்” என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

அவள் ஒரு பெயரைத் தொட்டாள்.

பத்து மணிக்கு அவன் போன் அடித்தது. திரையில் ‘அப்பா’ என்று வந்தது. பழக்கதோஷத்தில் பால்கனிப் பக்கம் நடந்தவனை மறித்துக் கையை நீட்டினாள்.

“கொடுங்க. குழாய் ஒழுகுதுன்னு நானே சொல்றேன்.”