பாவை அறுத்தவன்

"என்ன கேஸுடா?"

ஜெயில் அறைக்குள் காலை வைத்ததுமே குருவைப் பிடித்துக்கொண்டார் மாணிக்கவாசகம். எட்டு வருஷமாக உள்ளே வந்து போகிற ஆள். அந்த அறையில் அவர் வைத்ததுதான் சட்டம்.

குரு, "பாவை அறுத்துட்டேண்ணே!" என்று அழுதுவிட்டான்.

நடந்தது இவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் கூலிக்குப் பட்டு நெய்கிற பையன். முதலாளி அவன் அம்மாவைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல, ஆத்திரத்தில் தறியில் நீளவாக்கில் பூட்டியிருந்த பாவு நூல் மொத்தத்தையும் கத்தரியால் வெட்டிவிட்டான். வயசு பதினேழு. ஆனால் போலீஸ் கேட்டபோது, புதிதாக முளைத்த நாலு முடி மீசைக்கு மரியாதையாக இருக்கட்டுமே என்று "பத்தொம்பது" என்று சொல்லித் தொலைத்தான். அந்த மீசை அவனைப் பெரியவர்கள் ஜெயிலில் கொண்டுவந்து விட்டது.

மாணிக்கவாசகம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மீசையைக் கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தார். பிறகு அறை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"கேட்டீங்களாடா? பாவைன்னு ஒரு பொண்ணாம்! கழுத்தை அறுத்துட்டு வந்துக்கீறான்!"

"ஐயோ, இல்லண்ணே! பாவுன்னா..."

"வாயை மூடுடா! பேசுனே, பல்லைக் கழட்டிடுவேன்!"

அறையே இரண்டடி பின்வாங்கியது.

"யாரும் இவங்கிட்ட பேசக் கூடாது. காலு பிடிக்கக்கூட இவனைக் கூப்பிடக் கூடாது. காலுல இருந்து கை கழுத்துக்கு வந்துச்சின்னா நான் பொறுப்பில்ல!"

பைக் திருடன் சிட்டிபாபு உடனே பாயைச் சுருட்டினான். "திருட்டு வேற, இது வேறப்பா. எனக்கும் அக்கா தங்கச்சி இருக்குது" என்றான். ஊரையே மொட்டையடித்த சீட்டுக் கம்பெனிக்காரர் ஒருவர், காலம் கெட்டுப்போச்சு என்று வருத்தப்பட்டார்.

அன்றைக்கே உள்ளே வந்த தாவீது, பத்துப் பேருக்குத் துணி துவைத்தான். நாலு பேருக்குக் கால் பிடித்தான். சரியாகப் பிடிக்கவில்லை என்று உதையும் வாங்கினான். இருந்தாலும் அவனிடம் பேச ஆள் இருந்தது. குருவுக்கு அதுவும் இல்லை. ஒரு கோழியைக்கூட அறுக்காத கை. இங்கே கொலைகாரக் கை! நான் அவன் இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

நாலாம் நாள் சிட்டிபாபுவுக்கு ஆவல் தாங்கவில்லை. தள்ளி நின்றே கேட்டான்.

"ஏம்பா, அந்தப் பாவை பாக்க எப்டிபா இருக்கும்?"

ஒருவன் வாய் திறந்து பேசிய சந்தோஷத்தில் குரு எல்லாவற்றையும் மறந்துவிட்டான். "அரக்கு கலருண்ணே, பச்சை பார்டரு. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருந்துச்சி."

"அடப்பாவி! கல்யாணப் பொண்ணையாடா!"

அதற்கப்புறம் கக்கூசுக்குப் போகக்கூடக் குரு வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் வழிவிட்டார்கள். மாணிக்கவாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் இந்த ஆளால்!

ஒன்பதாம் நாள், அம்மா அகிலா பள்ளிக்கூட சர்டிபிகேட்டோடு கோர்ட்டில் போய் நின்றாள். உண்மை வயசு வெளியே வந்தது. பையனை அம்மாவோடு அனுப்பச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது.

இனி என்ன பயம்? குரு நேராக மாணிக்கவாசகத்திடம் போனான்.

"அண்ணே, நான் யாரு கழுத்தையும் அறுக்கல. எனக்குப் பதினேழு வயசுதான். பாவுன்னா தறியில ஓடுற நூலுண்ணே. அதுகூடத் தெரியாம என் பேரைக் கெடுத்துட்டீங்களே!"

மாணிக்கவாசகம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும்பா. ஐயம்பேட்டையில இருபது வருஷம் தறி ஓட்டுனவன் நானு. வாயைத் திறந்திருந்தீன்னா தாவீது கதிதான் உனக்கும். போ... போயி அறுத்த எழையெல்லாம் பிணைச்சுக் குடு. கல்யாணப் பொடவையாச்சே!"

பிறகு நிமிர்ந்து, அறை அதிரக் கத்தினார்.

"டேய், ஒதுங்குங்கடா! கழுத்தறுக்கிறவன் போறான்!"