கட்டிலைப் பார்த்த ஸ்பீக்கர்

மூன்றாவது ஸ்பீக்கருக்குத்தான் அண்ணன் கண்களை இறுக மூடினான்.

தம்பி அதை எடுத்துத் தனியாக வைத்தான்.

முதலாவது காரில் பொருத்துவது. கனத்த காந்தம், துணி மூடி. வீடியோ கேம் இசை அதில் பாந்தமாக வந்தது. அண்ணனின் முகம் மாறவில்லை. இரண்டாவது பழைய டிவியில் கழற்றியது. அதுவும் பரவாயில்லை ரகம்.

மூன்றாவது ஷேர் ஆட்டோவில் பாட்டுப் போடுகிற மலிவுச் சரக்கு. அடிச்சத்தம் கிடையாது. கீச்சென்று கத்த மட்டும் தெரியும்.

இன்னொரு முறை போட்டுப் பார்த்தான். அண்ணன் மறுபடி மூடினான்.

சரி, இதுதான்.

அண்ணன் நல்லசிவத்துக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது. பெருந்துறை ரோட்டில் பைக் கவிழ்ந்ததில் பேச்சும் போனது. மிச்சம் கண்ணும் காதும். ஒருமுறை இமைத்தால் ஆமாம். இருமுறை இமைத்தால் இல்லை, வேண்டாம். அம்மாவுக்குக் கண்ணில் புரை. அதனால் அவன் இமைமேல் விரலை வைத்துத்தான் பதில் தெரிந்துகொள்வாள்.

வெளியே அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நல்லசிவத்துக்குன்னு தம்பி கையாலயே வீடியோ கேம் பெட்டி செய்யறானுங்க. பெங்களூர்ல இருந்து இதுக்குன்னே லீவு போட்டு வந்திருக்கறான்."

அது பொய்யில்லை. இதற்கென்றேதான் வந்திருந்தான்.

விபத்து நடந்தபோது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனவன். அப்புறம் தீபாவளிக்கும் இல்லை, பொங்கலுக்கும் இல்லை. அம்மா போனில் அழுவாள். அவன் போனை வலது காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான்.

இடது காது கேட்காது.

பள்ளிக்கூட நாட்களில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அண்ணன் ஆடுவான். தம்பி இரண்டு பேர் புத்தகப் பையையும் சுமந்துகொண்டு பின்னால் நிற்பான். ஒருநாள் ஆசை தாங்காமல் கையை நீட்டி ஒரு பட்டனை அமுக்கிவிட்டான். ஆட்டம் முடிந்துபோனது. அண்ணன் திரும்பியே பார்க்காமல் புறங்கையை வீசினான். இடது காதோடு சேர்த்து விழுந்தது.

அதைக்கூட மறந்திருப்பான். அதற்குப் பிறகு அண்ணனுக்கு ஒரு விளையாட்டு கிடைத்தது. நண்பர்களோடு இடது பக்கமாக வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவான். தம்பி திரும்ப மாட்டான். எல்லாரும் சிரிப்பார்கள். கல்லூரிக்குப் போகும்வரை அந்த விளையாட்டு சலிக்கவில்லை.

இது பழிதான். வேறு பேர் வைத்துப் புண்ணியமில்லை.

இந்த மாதிரிப் பெட்டியில் ஸ்பீக்கரைத் திரைக்கு மேலே, ஆடுகிறவன் தலையைப் பார்த்துப் பொருத்துவார்கள். தம்பி பக்கவாட்டுப் பலகையில் வட்டம் போட்டான். கட்டில் இருக்கிற பக்கம். தலையணை உயரத்தை அளந்து, அதே உயரத்தில்.

துளை போட்டு, ரம்பத்தை விட்டு அறுத்தான். மரத்தூள் பறந்து அண்ணனின் கன்னத்தில் படிந்தது. அம்மா வந்து முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

துளையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்தான். வேலை என்று வந்துவிட்டால் அவன் படு சுத்தம். நான்கு திருகாணி. ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது.

சத்தத்தைக் குறைக்கிற குமிழை வெளியே வைப்பது வழக்கமில்லை. கடைக்கு வருகிறவன் போகிறவனெல்லாம் திருகிவிடுவான். அவனும் வழக்கத்தை மீறவில்லை. உள்ளே வைத்து, பின்கதவைப் பூட்டினான்.

கரண்டு கொடுத்தான்.

யாரும் ஆடாவிட்டாலும் இந்தப் பெட்டி சும்மா இருக்காது. தானே சுடும், தானே சாகும், சைரன் ஊதும், ஆள் கூப்பிடும். அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்த வழி உண்டு. அவன் நிறுத்தவில்லை.

அறை அதிர்ந்தது.

அண்ணன் இருமுறை இமைத்தான். தம்பியைப் பார்த்தான். மறுபடி இருமுறை.

தம்பிக்குச் சந்தோஷமாக இருந்தது. சம்பளம் உயர்ந்தபோதுகூட இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. பெட்டிக்கு இடது காதைக் காட்டிக்கொண்டு சௌகரியமாக நின்றான்.

பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் அடங்கிவிடும். பிடுங்க இந்த வீட்டில் அம்மாவை விட்டால் ஆளில்லை. அவள் கேட்டால் சொல்ல ஒரு பொய் தயாராக வைத்திருந்தான். போகப் போகப் பிடிச்சிரும்மா, ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்.

அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். கட்டிலில் உட்கார்ந்தாள். பெட்டியின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

"தம்பி செஞ்சது புடிச்சிருக்குதா கண்ணு?"

விரலை அண்ணனின் இமைமேல் வைத்தாள்.

இமை துடித்தது. இருமுறை. நின்று, மறுபடி இருமுறை. அப்புறம் நிறுத்தாமல் துடித்துக்கொண்டே இருந்தது.

தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அந்த விரல் தப்புப் பண்ணாது. கொசுக்கடியையும் தாகத்தையும் முதுகு வலியையும் அந்த விரலால்தான் அவள் இத்தனை நாள் படித்திருக்கிறாள்.

அம்மா விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். பிளக் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது.

பிறகு விரலை எடுத்தாள். ஈரமாக இருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டாள்.

சின்ன மகன் நிற்கிற திசையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரொம்பப் புடிச்சிருக்குதாம் சாமி. அடுத்த மாசமும் வருவயில்ல?"