விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம்

"விளிம்புலேர்ந்து எவ்வளவுன்னு போட்டிருக்கான், மார்லிஸ்?"

"அரை அங்குலம்" என்றாள் மார்லிஸ், மடியில் விரித்திருந்த வரைபடத்திலிருந்து தலை தூக்காமல்.

டெல்பர்ட்டின் ட்ரில் இரைந்தது. வரிசையாகப் பன்னிரண்டு துளைகள். தகட்டைத் தூக்கி விமான இறக்கைச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தார். தகட்டுத் துளை ஒரு பக்கம், சட்டத்துத் துளை ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து ரிவெட் ஆணி அடிக்க வழியே இல்லை.

"போச்சு! இதுவும் கோழிக்கூண்டுக் கூரைக்குத்தான்."

"ஐயையோ, முக்கால் அங்குலம்! நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். வேற தகடுக்கு நானே போன் பண்ணிடறேன்."

"அட விடுங்க. கொசு முட்டை மாதிரி எழுத்து. கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியலைன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்? ஆறு வாரத்துல கம்பெனிக்காரன் வேற தகடு அனுப்பிடுவான்."

ஆறு வாரம். அதாவது இன்னும் ஆறு சனிக்கிழமை. மார்லிஸுக்கு மனசு குளிர்ந்தது, கூடவே குத்தியது. அவள் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. முக்கால் அவளுக்கு முக்காலாகவேதான் தெரிந்தது.

அவள் எதிர்வீட்டுக்காரி. கணவர் போய்ப் பத்து வருஷம். மனைவியை இழந்த டெல்பர்ட், பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைக் கராஜில் பிரித்துப் போட்டு, சொந்தமாக விமானம் கட்டப்போவதாகச் சொன்னபோது அயோவாவின் அந்தச் சின்ன ஊரே சிரித்தது. மார்லிஸ் மட்டும் ஆப்பிள் கேக்கோடு வந்து நின்றாள். வந்தவள் நாலு வருஷமாகச் சனிக்கிழமை தோறும் வந்துகொண்டே இருக்கிறாள்.

ரிவெட் அடிக்க இரண்டு ஆள் வேண்டும். வெளியே ஒருவர் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக்கட்டியைத் தாங்கிப் பிடிக்கவேண்டும். நடுவில் ஒரு தகடுதான். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக அவர்கள் பேசாத பேச்சில்லை, ஒன்றைத் தவிர. மிச்சம் இந்த இறக்கை மட்டும்தான்; விமானம் முடிந்ததும் டெல்பர்ட் அலாஸ்காவுக்கு, மகள் வீட்டுக்குப் பறந்துவிடுவார். போனால் போனதுதான். 'போகாதீர்கள்' என்று சொல்ல, தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் முக்கால் அரையானது.

ஏழாவது சனிக்கிழமை மதியம் புதுத் தகடு மேஜையில் பளபளத்தது.

"நேத்தோட எழுபத்திரண்டு முடிஞ்சுது எனக்கு" என்று சிரித்தார் டெல்பர்ட். "பிளேன் பறக்கறதுக்குள்ள கிழவன் பறந்துடுவான்னு காப்பிக்கடையில பந்தயம் கட்டறாங்களாம்!"

மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷனுடைய வானத்தையே திருடிக்கொண்டிருக்கிறோமே என்று இருந்தது.

"சரி, சொல்லுங்க. விளிம்புலேர்ந்து எவ்வளவு?"

"முக்கால்" என்றாள். "முக்கால் அங்குலம், டெல்பர்ட். நல்லாப் பார்த்துட்டேன்."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ட்ரில் இரைந்தது. பன்னிரண்டு துளைகளும் முடிகிறவரை அவள் ஜன்னலுக்கு வெளியே சோளக்கொல்லையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை என்ன செய்வது என்று தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தவள் பதறி எழுந்தாள். அத்தனை துளையும் அரை அங்குலத்தில்!

"என்ன பண்ணிட்டீங்க! முக்கால்னுதானே சொன்னேன்?"

டெல்பர்ட் தகட்டின் மேலிருந்த தூளை ஊதினார். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, கண்ணாடி போடாமலே, அவள் கையில் தலைகீழாகத் தெரிந்த வரைபடத்தைச் சுட்டிக்காட்டினார். "அந்த முக்காலுக்குக் கீழே, கடைசி வரி. பொடி எழுத்துல, 'இத்துடன் இறக்கை வேலை முடிந்தது'ன்னு போட்டிருக்கான். நாலு வருஷமா அந்த ஒரு வரியைப் பார்த்தாத்தான் எனக்குப் பயம், மார்லிஸ்."

பிறகு ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க காப்பியை ஊத்துங்க. இந்தத் தடவை தகடு வேணும்னு நான் போன் பண்றேன்."